பழைய பிரிண்டர், டிவிடி டிரைவ், ஹார்ட் டிஸ்க், மானிட்டர்: மாடல் ரயிலுக்கு எதைக் கழட்டலாம், எதை விட்டுடலாம்

ஹெச்ஓ ஸ்கேல்ல (நிஜத்தோட 87-ல ஒரு பங்கு அளவு) சின்னதா ஒரு மாடல் ரயில் லேஅவுட் ஆரம்பிச்சிருக்கீங்க, வீட்ல செத்துப்போன ஆல் இன் ஒன் பிரிண்டர் ஒண்ணு, கம்ப்யூட்டர்ல இருந்த டிவிடி டிரைவ் ஒண்ணு, ரெண்டு ஹார்ட் டிஸ்க், பழைய எல்சிடி மானிட்டர், ஒரு பை நிறைய கேபிள் கிடக்கு, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி சீனரிக்கும் மாடலுக்கும் என்னென்ன எடுக்கலாம், சர்க்யூட் போர்டுல இருக்கிற பார்ட் எல்லாத்தையும் சால்டர் உருக்கி எடுத்து வெச்சுக்கணுமா, 11 வயசுப் பையனையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

போர்டை முதல்ல ஓரமா வைங்க. எல்லாரும் அதுலதான் கை வைக்கிறாங்க, பளபளன்னு சின்னச்சின்னதா ஒரு ஊரு மாதிரி இருக்குல்ல, அதனால. ஆனா லேஅவுட்டுக்கு அதுல இருந்து கிடைக்கிறது ரொம்பக் கம்மி. உங்ககிட்ட இருக்கிறதுல பெஸ்ட் எதுன்னு கேட்டா நான் கேபிள் பையைச் சொல்வேன், அடுத்தது பிரிண்டர், அப்புறம் மானிட்டர். போர்டு கடைசி.

நான் ஆரம்பிச்ச புதுசுல கண்ணுல பட்ட போர்டையெல்லாம் எடுத்து ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், கபாசிட்டர்னு ஒண்ணொண்ணா உருக்கி எடுத்து டப்பா டப்பாவா அடுக்கினேன், மூணு அட்டைப்பெட்டி நிறைஞ்சுது, அதுல இருந்து லேஅவுட்டுக்குப் போனது ஒரு கைப்பிடி கூட இருக்காது. ஏன்னா நான் பார்ட்டோட பேரைப் பாத்து சேத்து வெச்சேன், உருவத்தையும் அளவையும் பாக்கல. சீனரிக்கு அது கபாசிட்டரா காயிலாங்கறது முக்கியமே இல்ல, எத்தனை மில்லிமீட்டர், அதை 87 ஆல பெருக்கினா நிஜத்துல என்ன வரும், அவ்வளவுதான் கணக்கு. ஹெச்ஓன்னா 1:87, அதனால கையில ஒரு வெர்னியர் காலிபர் வெச்சுக்கோங்க, எதைக் கழட்டினாலும் அளந்து 87 ஆல பெருக்குங்க. அரை மில்லிமீட்டர் கம்பி நிஜத்துல 4 சென்டிமீட்டர் குழாய். 20 மில்லிமீட்டர் உயரம்னா ஒரு ஆள் உயரம். இந்தக் கணக்கு ஒரு தடவை மண்டையில ஏறிட்டா எது வேணும் எது வேணாம்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கழட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை மட்டும் அவசரப்படாம படிங்க. மைக்ரோவேவ் அவன், பழைய குண்டு பிக்சர் டியூப் டிவி, பிளாஷ் வெச்ச பழைய கேமரா, இந்த மூணும் யாராவது இலவசமா குடுத்தாக்கூட திறக்காதீங்க. மைக்ரோவேவ்ல இருக்கிற கபாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல தேக்கி வெச்சிருக்கும், ஆளையே கொன்னுடும். பிக்சர் டியூப் 20,000 வோல்ட்டுக்கு மேல ஓடுறது, அதோட உள்ள காத்தில்லாத கண்ணாடி, உடைஞ்சா உள்வாங்கி சிதறும். கேமரா பிளாஷ் பாக்க சின்னதுதான், ஆனா உள்ள இருக்கிற கபாசிட்டர் 300 வோல்ட், பேட்டரி எடுத்து பல நாள் ஆனாலும் அடிக்கும். நானே ஷாக் வாங்கியிருக்கேன், கை முட்டி வரைக்கும் உதறிடுச்சு. உங்க பிரிண்டர்லயும் மானிட்டர்லயும் பவர் சப்ளை பகுதி இருக்கும், அதுலயும் ஒரு தடியான கபாசிட்டர் உண்டு, 230 வோல்ட் லைன்ல அது சுமார் 325 வோல்ட் டிசி பிடிச்சு வெச்சிருக்கும். பிளக்கைப் பிடுங்கி ரெண்டு மூணு நாள் விட்டுட்டு, திறந்ததும் மல்டிமீட்டர் வெச்சுப் பாத்துட்டுத் தொடுங்க, இன்னும் சார்ஜ் இருந்தா கபாசிட்டரோட ரெண்டு காலுக்கும் நடுவுல சில ஆயிரம் ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணை இன்சுலேட் பண்ண கிளிப்ல மாட்டி மெதுவா இறக்குங்க, ஸ்க்ரூ டிரைவரை வெச்சு டப்புன்னு ஷார்ட் பண்ற வீரமெல்லாம் வேணாம். உப்பின லித்தியம் பேட்டரி இருந்தா அதைக் குத்தாம நெருக்காம நேரா மின்கழிவு சேகரிக்கிற இடத்துல குடுத்துடுங்க.

சரி, கேபிள் பை. முதல்ல மரம். பிளக் வெச்ச சாதாரண பவர் கார்டு, இல்லேன்னா ஏதாவது மெல்லிசு வயர் நிறைய இருக்கிற கேபிளை 15 சென்டிமீட்டர் வெட்டி மேல்தோலை உரிங்க. 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்னா ஒரு கோர்ல, அதாவது உள்ள ஓடுற ஒவ்வொரு வயர்லயும், 0.2 மில்லிமீட்டர்ல சுமார் 24 இழை செம்பு இருக்கும், மூணு கோரையும் உரிச்சு சேத்தா 70 இழைக்கு மேல. கீழ 2 சென்டிமீட்டர் விட்டுட்டு (அது வேரு) அதுக்கு மேல மூணு நாலு சென்டிமீட்டர் இறுக்கமா முறுக்குங்க, அது தண்டு. அப்புறம் அஞ்சாறு இழையை மட்டும் பிரிச்சு ஒதுக்கி முறுக்கினா முதல் கிளை, மிச்சத்தை மறுபடி ஒரு சென்டிமீட்டர் சேத்து முறுக்கிட்டு அடுத்த கிளை எதிர்ப்பக்கம். ஒவ்வொரு கிளையையும் அதே மாதிரி ரெண்டா மூணா பிரிக்கணும், நுனியில ஒத்தை இழை மிஞ்சுற வரைக்கும். முதல் மரம் விளக்குமாறு மாதிரிதான் வரும், கவலைப்படாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான் வந்துது. தப்பு எங்கன்னா கிளைகளை ஒரே உயரத்துல பிரிக்கிறோம், ஒரே நீளத்துல விடுறோம், நிஜ மரத்தை ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு வந்து பண்ணினா ரெண்டாவது மரமே தேறிடும். தண்டுல கொஞ்சம் சால்டர் ஓட விட்டா ஆடாது, சால்டர் இல்லேன்னா சூப்பர் க்ளூ போதும். அப்புறம் வெள்ளைப் பசையில கொஞ்சம் பிளாஸ்டர் பவுடர் கலந்து தண்டுலயும் பெரிய கிளையிலயும் பிரஷ்ல தடவுங்க, முறுக்கின கோடு மறைஞ்சு பட்டை மாதிரி சொரசொரன்னு ஆயிடும். மொத்த உயரம் 10 சென்டிமீட்டர் வந்தா நிஜத்துல கிட்டத்தட்ட 9 மீட்டர் மரம், அளவா இருக்கும்.

செம்பு எடுக்க கேபிளை எரிக்கிறாங்களே, அந்த வேலை மட்டும் வேணாம், பிவிசி எரிஞ்சா வர்ற புகை நுரையீரலுக்கு விஷம். கத்தியால நீளவாக்குல கீறினாலே தோல் தனியா வந்துடும்.

நெட்வொர்க் கேபிள் இருந்தா உள்ள எட்டு வயரும் ஒத்தைக் கம்பியா இருக்கிற வகையான்னு பாருங்க. சுவருக்குள்ள ஓடுறது பெரும்பாலும் அப்படித்தான், பேட்ச் கார்டு இழை இழையா இருக்கும். ஒத்தைக் கம்பின்னா விட்டம் சுமார் 0.5 மில்லிமீட்டர், 87 ஆல பெருக்கினா 44 மில்லிமீட்டர், பிளாட்பாரம் கைப்பிடி, பாலத்துக் கம்பி, தொட்டி மேல ஏறுற ஏணி எல்லாத்துக்கும் கணக்கா வரும். வளைஞ்சு நெளிஞ்சு இருக்கிற கம்பியை நேராக்க ஒரு நுனியை வைஸ்ல பிடிச்சிட்டு மறு நுனியை பிளேயர்ல பிடிச்சு லேசா இழுங்க, கொஞ்சம் நீளுற மாதிரி கையில உணர்ற நொடியில விட்டுடுங்க, வில்லு நாண் மாதிரி நேராயிடும். ஏணி பண்றதுக்கு ஓட்டை போட்ட டாட் போர்டை அச்சா வெச்சுக்கோங்க, ஓட்டைக்கு ஓட்டை 2.54 மில்லிமீட்டர், நிஜத்துல 22 சென்டிமீட்டர், ஏணிப்படி இடைவெளிக்கு அது போதும்.

இன்னும் மெல்லிசா வேணும்னா ரிலே காயில், சின்ன டிரான்ஸ்பார்மர், காது ஹெட்போன் ஸ்பீக்கர் காயில் இதுல எல்லாம் எனாமல் பூசின செம்பு வயர் இருக்கும், 0.1 மில்லிமீட்டரோ அதுக்கும் கீழயோ. ரயில் மேல ஓடுற மின்கம்பிக்கும் தந்திக்கம்பிக்கும் இதுதான் சரி, கடையில விக்கிற பொம்மை கம்பிகள் பெரும்பாலும் அளவுக்கு மீறி தடிமனா இருக்கும். தெருவிளக்கு எல்இடிக்கு வயர் இழுக்கவும் இதையே பயன்படுத்துங்க, எனாமல்தான் இன்சுலேஷன், நுனியில மட்டும் பிளேடால சுரண்டிட்டு சால்டர் வைக்கணும்.

பழைய கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கிற அகலமான பட்டை கேபிள் உங்க பையில இருந்தா அதை யாருக்கும் குடுத்துடாதீங்க. தகரக் கொட்டகை கூரைக்கு அச்சு அதுதான். நிஜ நெளிதகரத்துல ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் 76 மில்லிமீட்டர்னு ஒரு வகை ரொம்ப சாதாரணம், ஹெச்ஓவுல அது 0.87 மில்லிமீட்டர் ஆகுது. 40 வயர் பட்டையில இடைவெளி 1.27 மில்லிமீட்டர், 80 வயர் பட்டையில 0.635. ரெண்டுமே துல்லியமா இல்ல, ஆனா கண்ணு எப்பவும் மெல்லிசான பக்கம்தான் ஏமாறும், அதனால 80 வயர். கேபிளையே வெட்டி கூரையா ஒட்டுறவங்க உண்டு, நானும் ஒட்டினேன், ஆறு மாசம் கழிச்சு தொட்டா பெயிண்ட் பிசுபிசுன்னு கையில ஒட்டுது, மெத்துன்னு இருக்கிற பிவிசியில சேக்குற எண்ணெய் மாதிரி சரக்கு மேல வந்து எனாமல் பெயிண்டைக் காயவே விடாது. அதனால கேபிளைக் கூரையாக்காதீங்க, அச்சாக்குங்க. ஒரு துண்டை கட்டை மேல ஒட்டிட்டு அலுமினியம் ஃபாயிலை ரெண்டா மடிச்சு மேல வெச்சு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒரு கோடு இழுங்க, நெளிதகரம் ரெடி. 28 மில்லிமீட்டர் நீளம், 9 மில்லிமீட்டர் அகலம்னு துண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஒரு அலை ஏறுற மாதிரி ஒட்டணும், ஒரே ஷீட்டா முழுக் கூரைக்கும் போட்டா பொம்மை வீடு ஆயிடும். ரெண்டு மூணு துண்டோட ஓரத்தை நகத்தால கொஞ்சம் தூக்கி விடுங்க, ஒரு துண்டைக் கோணலா வைங்க, துரு கலரைத் தண்ணியா கரைச்சு மேல ஓட விடுங்க.

பிரிண்டருக்கு வருவோம். திறக்கும்போது கீழ பழைய பேப்பர் விரிச்சுக்கோங்க, கையுறை போட்டுக்கோங்க, ஏன்னா அடியில வீணான இங்க்கை உறிஞ்சி வெச்சிருக்கிற ஸ்பாஞ்ச் ஒண்ணு இருக்கும், அது வருஷக்கணக்கா குடிச்ச இங்க்கோட உக்காந்திருக்கும். அதை அப்படியே ஒரு கவர்ல போட்டு கட்டிடுங்க. உள்ள பிரிண்ட் பண்ற தலை ஓடுற பளபளப்பான இரும்பு ராடு, பல் வெச்ச பெல்ட், மோட்டார், விதவிதமான ஸ்பிரிங், பல் சக்கரம், ஸ்க்ரூ எல்லாம் வரும். ராடை ஹேக்ஸாவால அறுக்கப் பாக்காதீங்க, வெளிப்பக்கம் கடினம், பிளேடுதான் மழுங்கும், முழுசாவே வெச்சுக்கோங்க, டிராவர்சர் மாதிரி, அதாவது இன்ஜினைப் பக்கத்து லைனுக்குக் கொண்டு போக பக்கவாட்டுல நகர்ற தளத்துக்கு, வழிகாட்டித் தண்டா போடலாம். பெல்ட்டுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி மாதிரி நீளமான பிளாஸ்டிக் நாடா போகும் பாருங்க, வெளிச்சத்துல பிடிச்சா சாம்பல் கலரா தெரியும், உத்துப் பாத்தா அத்தனையும் கருப்புக் கோடு, இன்ச்சுக்கு 150, 180 கோடுன்னு அச்சடிச்சிருக்கும். வெட்டி வீட்டு ஜன்னலுக்குப் பின்னாடி கோடு படுக்கைவாட்டுல வர்ற மாதிரி ஒட்டினா அசல் வெனிஷியன் பிளைண்ட். இதை நான் முதல்ல கசக்கிக் குப்பையில போட்டுட்டு அப்புறம் தேடி எடுத்தேன்.

அதே நாடா ஒரு சின்ன கருப்பு யூ வடிவ சென்சாருக்கு நடுவுல ஓடும், ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் அதைப் பாக்குற சென்சார். நாடா படிக்கிறது நாலு அஞ்சு கால் வெச்ச சிக்கலான வகை, அதை விட்டுடுங்க, பேப்பர் வந்துச்சா மூடி திறந்திருக்கான்னு பாக்குற இடங்கள்ல இதே மாதிரி சாதாரண வகை ஒண்ணு ரெண்டு இருக்கும், அதை எடுங்க, பாயிண்ட் (ஒரு தண்டவாளம் ரெண்டா பிரியுற இடம்) முழுசா திரும்பிடுச்சான்னு கண்டுபிடிக்க, லெவல் கிராசிங் கேட் இறங்கிடுச்சான்னு தெரிஞ்சிக்க உதவும்.

மோட்டார்ல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். ரெண்டு வயர் வந்தா அநேகமா சாதாரண டிசி மோட்டார், பேட்டரி வெச்சா சுத்தும். நாலு வயர் வந்தா பெரும்பாலும் ஸ்டெப்பர் (படிப்படியா நகர்ற மோட்டார்), அதுக்கு நேரா டிசி குடுத்தா ஒரு தடவை துள்ளிட்டு விறைச்சு நிக்கும், கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடுறவங்க நிறைய. ஸ்டெப்பர்ல எந்த ரெண்டு வயர் ஒரு ஜோடின்னு பாக்க மீட்டர் கூட வேணாம், ஏதாவது ரெண்டு வயர் நுனியைச் சேத்துப் பிடிச்சிட்டு தண்டை விரலால சுத்துங்க, திடீர்னு முரண்டு பிடிச்சா அது ஜோடி, பிடிக்கலேன்னா வேற ஒண்ணை மாத்துங்க. அந்த ஜோடியில ஒரு எல்இடியை மாட்டிட்டு தண்டை வேகமா சுத்தினா எல்இடி மினுக் மினுக்னு எரியும், பையனுக்கு இதைக் காட்டுங்க, அன்னைக்கு முழுக்க அதையே பண்ணிட்டு இருப்பான்.

டிவிடி டிரைவ்ல ரெண்டு நல்ல விஷயம் இருக்கு. தட்டு வெளிய வர்ற பகுதியில ஒரு சின்ன டிசி மோட்டார், பெல்ட், ரெண்டு மூணு பல் சக்கரம், கடைசியில நின்னா தெரிவிக்கிற ஸ்விட்ச் எல்லாமே ஒரே தளத்துல தயாரா இருக்கும். லோகோ ஷெட்டோட நகரும் கதவுக்கு இதை அப்படியே வெட்டி வெச்சுக்கலாம், 2, 3 வோல்ட் குடுத்தாலே மெதுவா ஓடும், 5 வோல்ட் குடுத்தா கதவு பறக்கும், பாக்க சகிக்காது. இன்னொண்ணு லென்ஸை முன்ன பின்ன நகர்த்துற திருகுத்தண்டு வெச்ச குட்டி மோட்டார், பல டிரைவ்ல அது ஸ்டெப்பர், ஒரு சுத்துக்கு 20 படி, தண்டு ஒரு சுத்துக்கு 3 மில்லிமீட்டர் நகர்த்தும், அப்படின்னா ஒரு படிக்கு 0.15 மில்லிமீட்டர். பாயிண்ட்டை டக்குன்னு அடிக்காம நிஜத்துல மாதிரி மெதுவா நகர்த்த அதைவிட மலிவா ஒண்ணும் கிடைக்காது, ஆனா மோட்டாரை ஓட்டுற ஹெச் பிரிட்ஜ் டிரைவர் ஐசியும் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரும் வேணும், அது தெரியலேன்னா இப்போதைக்கு டப்பாவுல வைங்க. லென்ஸைத் தனியா எடுத்துக்கலாம், கலங்கரை விளக்கத்துக்கு ஆகும். உள்ள இருக்கிற லேசருக்கு மட்டும் கரண்ட் குடுக்கக் கூடாது, ரைட்டர் டிரைவோட சிவப்பு லேசர் கண்ணைப் பொசுக்கிடும், சிடி லேசர் கண்ணுக்கே சரியாத் தெரியாது, தெரியாதது இன்னும் ஆபத்து.

ஹார்ட் டிஸ்க்னா எல்லாருக்கும் காந்தம்தான் ஞாபகம் வரும். நட்சத்திரத் தலை டார்க்ஸ் பிட் வேணும், ஒரு ஸ்க்ரூ பெரும்பாலும் ஸ்டிக்கருக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், மூடி வரலேன்னா பலம் காட்டாம ஸ்டிக்கரைத் தடவிப் பாருங்க, பள்ளம் தட்டுப்படும். காந்தம் ஒரு இரும்புத் தகட்டுல ஒட்டியிருக்கும், கத்தியை விட்டு நெம்பினா நிக்கல் பூச்சு உரிஞ்சு காந்தம் சில்லு சில்லா தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம பண்ணாதீங்க. தகட்டை ரெண்டு பிளேயரால பிடிச்சு காந்தத்துக்கு எதிர்ப்பக்கமா வளைச்சா அதுவே பட்டுனு விட்டுடும். உண்மையைச் சொன்னா எடுக்கவே வேணாம், தகட்டோட இருக்கும்போதுதான் ஒரு பக்கப் பிடி நல்லா இருக்கு. கழட்டி மாட்டுற கூரை, மலையைத் திறக்குற மூடி இதுக்கெல்லாம் ஒரு பக்கம் இந்தக் காந்தம், மறுபக்கம் சாதா இரும்புத் துண்டு போதும். ரெண்டு பக்கமும் காந்தம் வைக்காதீங்க, இதுல ஒரே முகத்துல வடக்கும் தெற்கும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், கொஞ்சம் தள்ளி வெச்சா கூரை கோணலா போய் ஒட்டும். தண்டவாளத்துக்கு அடியில வந்துடாம பாத்துக்கோங்க, இரும்பு அச்சு வெச்ச வேகன் அங்க வந்ததும் நின்னுடும், நான் வீல்ல பிரச்சனைன்னு ரெண்டு நாள் தேடினேன்.

உள்ள இருக்கிற வட்டத் தகட்டைக் குளமா வைக்கச் சொல்வாங்க. 3.5 இன்ச் டிரைவ்ல 95 மில்லிமீட்டர், கச்சிதமான வட்டம், நடுவுல ஓட்டை, கச்சிதமான வட்டத்துல குளம் இருக்கிறது ரொம்ப அபூர்வம். ஓரத்தை மண்ணு, புல்லு வெச்சு ஒழுங்கில்லாம மறைச்சு, மேல பச்சை கலந்த வார்னிஷ் மூணு கோட் ஓட்டினா தேறும், ஓட்டை மேல ஒரு பாறையோ படகோ உக்காரணும். லேப்டாப் டிரைவோட தகடு பெரும்பாலும் கண்ணாடி, வளைக்கப் பாத்தா ஊசி ஊசியா உடையும், அதை விட்டுடுங்க. எனக்குத் தகட்டைவிட அதைத் தாங்குற ஸ்பிண்டில்தான் பிடிக்கும், இன்ஜினைத் திருப்புற டர்ன்டேபிள் நடுவுல அச்சா வெச்சா விரலால தொட்டா ஆட்டமே இல்லாம சுத்தும். மோட்டாரா ஓட்டணும்னா தனி டிரைவர் வேணும், பேட்டரி வெச்சா ஓடாது.

மானிட்டர் பழசுன்னு சொல்றீங்க, அப்போ உள்ள எல்இடியா பென்சில் மாதிரி மெல்லிசு டியூபான்னு பாருங்க. டியூப்னா அதுல பாதரசம் உண்டு, உடைக்காம முழுசா எடுத்து பழைய பேப்பர்ல சுத்தி மின்கழிவுல குடுத்துடணும், அதுக்குப் போற இன்வர்ட்டர் போர்டு பல நூறு வோல்ட் குடுக்குறது, அதையும் அப்படியே. நமக்கு வேண்டியது பேனலுக்குப் பின்னாடி அடுக்கடுக்கா இருக்கிற ஷீட்டுங்க. கடைசியில வெள்ளை ரிஃப்ளெக்டர், அதுக்கு மேல தடியான தெளிவான அக்ரிலிக் பலகை, அதுக்கு மேல பால் கலர்ல டிஃப்யூசர், அப்புறம் பாத்தா காட்சி ரெண்டா தெரியுற ப்ரிஸம் ஷீட். ஓரத்தை மட்டும் பிடிங்க, கைரேகை பட்டா போகாது. டிஃப்யூசரை ஜன்னலுக்குப் பின்னாடி ஒட்டி உள்ள ஒரு எல்இடி வெச்சா அறை முழுக்க சமமா வெளிச்சம் வரும், புள்ளியா கண்ணைக் குத்தாது. ப்ரிஸம் ஷீட் ஃபேக்டரியோட கோடு போட்ட கண்ணாடி ஜன்னலுக்கு. அக்ரிலிக் பலகை ஆத்துக்கும் ஏரிக்கும், அடிப்பக்கம் புள்ளி புள்ளியா அச்சு இருந்தா அந்தப் பக்கத்தைக் கீழ வெச்சு அது மேலயே நடுவுல கரும்பச்சை, கரையோரம் காவின்னு பெயிண்ட் அடிங்க, மேல இருந்து பாத்தா ஆழம் தெரியும். எனக்கு ரெசின் ஊத்தி ஒழுகி தரையெல்லாம் நாசமானதுக்கு அப்புறம் தண்ணின்னா இதுதான்.

இப்போ போர்டு. மூணே மூணு எடுங்க. உருளையான பெரிய கபாசிட்டர், ஹீட் சிங்க், எல்இடி. 35 மில்லிமீட்டர் விட்டம் 50 மில்லிமீட்டர் உயரம் கபாசிட்டர்னா ஹெச்ஓவுல 3 மீட்டர் அகலம் 4.3 மீட்டர் உயரத் தொட்டி, டீசல் டேங்க் அளவு. சார்ஜ் இல்லேன்னு உறுதி பண்ணிட்டு பிளாஸ்டிக் உறையைக் கத்தியால கீறி உரிங்க, உள்ள அலுமினியம். தலையில எக்ஸ் மாதிரி ஒரு கீறல் இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவன் எவனும் அதைப் பாத்த உடனே கபாசிட்டர்னு சொல்லிடுவான், ஒரு வட்ட அட்டையை மேல ஒட்டி மறைங்க. சுத்தி ஏணி, கைப்பிடி, அடியில ஒரு குழாய், ஒரு வால்வு, இது நாலும் வந்தாதான் அது தொட்டி. ஹீட் சிங்க்கை ஜெனரேட்டர் ரேடியேட்டரா, டிரான்ஸ்பார்மர் விலாவா வைக்கலாம். மத்த ரெசிஸ்டர் ஐசி எல்லாத்தையும் விட்டுடுங்க. போர்டையே நகரமா வைக்கிற யோசனையும் வேணாம், பச்சைப் பலகை பச்சைப் பலகையாத்தான் தெரியும்.

சால்டர் உருகலேன்னா கொஞ்சம் புது ஈய சால்டரை அது மேலயே சேத்து உருக்குங்க. ஐரோப்பாவுல 2006 ஜூலைக்கு அப்புறம் ஈயம் தடையானதால அதுக்குப் பிந்தின போர்டுகள்ல பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர், 217 டிகிரிக்கு மேல போனாத்தான் உருகும், பழைய 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) ஈய சால்டர் 183 டிகிரியிலயே உருகிடும், ரெண்டையும் கலந்தா வேலை லேசாகும். பழைய போர்டுன்னா ஈயம் இருக்குன்னே வெச்சுக்கிட்டு வேலை முடிஞ்சதும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. போர்டை அறுக்கிறதா இருந்தா மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி கண்ணாடி இழை.

எல்இடியில எல்லாரும் பண்ற தப்பு வெளிச்சம். 12 வோல்ட் அடாப்டர்ல வெள்ளை எல்இடிக்கு 1 கிலோ ஓம் போட்டா சுமார் 9 மில்லியாம்ப் ஓடும், வீட்டுக்குள்ள வெல்டிங் பண்ற மாதிரி இருக்கும். 10 கிலோ ஓம் போட்டா 1 மில்லியாம்ப் கூட வராது, ராத்திரி லேஅவுட் லைட்டை அணைச்சுப் பாருங்க, அதுதான் வீட்டு விளக்கு. வெள்ளை எல்இடி நீலமா அடிச்சா தலையில மஞ்சள் கலந்த ஆரஞ்சு கிளியர் பெயிண்ட் ஒரு துளி. பவர் சப்ளைக்கு பழைய ரவுட்டரோட அடாப்டரைத் திறக்காம அப்படியே பயன்படுத்துங்க, போர்டுல இருந்து எடுத்த சப்ளை எதுவும் வேணாம்.

பிளாஸ்டிக் பத்தி ஒரு வார்த்தை. பிரிண்டர் உடம்பைத் திருப்பிப் பாத்தா உள்பக்கம் ரெண்டு கூர்க்குறிக்கு நடுவுல ஏபிஎஸ், ஹெச்ஐபிஎஸ்னு பொறிச்சிருக்கும், அதெல்லாம் கட்டடம் வெட்ட அருமையான ஷீட், மாடல் சிமெண்ட்லயே ஒட்டும். பிஓஎம்னு போட்டிருந்தா, அதுதான் வழுக்குற வெள்ளைப் பல் சக்கரம், சாதாரணப் பசை எதுவும் சரியா ஒட்டாது, பெயிண்டும் உரியும், அதை இறுக்கமா செருகியோ ஸ்க்ரூ போட்டோதான் நிறுத்தணும், இல்லேன்னா பழைய இரும்பு ஏத்தின வேகன்ல ஒரு குவியலா போட்டு நடுவுல பசை ஊத்திடுங்க. எது எடுத்தாலும் ப்ரைமர் அடிக்காம லேஅவுட்ல வைக்காதீங்க, பளபளப்பும் ஒரிஜினல் கலரும்தான் காட்டிக் குடுக்கும்.

பையனைத் தாராளமா உக்கார வைங்க. பிரிண்டர், மானிட்டர் பவர் சப்ளை, டியூப், ஹார்ட் டிஸ்க் காந்தம், சால்டர் இது உங்களோடது. டிவிடி டிரைவை அவன்கிட்ட முழுசா விட்டுடுங்க, லென்ஸ் பகுதிக்கு கரண்ட் மட்டும் கிடையாதுன்னு சொல்லிட்டு ஒரு சின்ன ஸ்டார் (பிளஸ் தலை) ஸ்க்ரூ டிரைவரும் ஸ்க்ரூ போட ஒரு மூடி டப்பாவும் குடுங்க. முன்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, அதுல பேப்பர் கிளிப்பை நேராக்கி நுழைச்சு அமுத்தினா கரண்ட் இல்லாமயே தட்டு வெளிய வரும், அங்க இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க.